ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சர்க்கரை நோயாளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரடைப்பு, நிமோனியா, காசநோய், சிறுநீரகத் தொற்று, கால் புண் ஆபரேஷன் என்று ஏதோ ஒன்றுக்காகப் படுத்தெழுந்து, ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ வீட்டுக்குத் திரும்பியிருக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இந்தப் பக்கம். பத்து வருஷமாகச் சர்க்கரையைச் சமாளித்தவர்கள்கூட இந்த முதல் ஆறு வாரத்தில் தடுமாறுவார்கள். நோய் முற்றியிருந்தபோது எழுதிய மருந்தளவு, தேறிவரும் உடம்புக்கு வாரத்துக்கு வாரம் பொருந்தாமல் போவதுதான் காரணம். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

வார்டில் 30 யூனிட் ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்து பத்து நாளில் அடிக்கடி வேர்த்துக்கொட்டி மயக்கம் வருகிறது. ஏன்?

காய்ச்சல், தொற்று, ஆபரேஷன் என்று உடம்பு போராடும்போது அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும். அவை இன்சுலினை வேலை செய்ய விடாது. அதனால் வார்டில் கூடுதல் யூனிட் தேவைப்பட்டது. தொற்று அடங்கியதும் அந்த எதிர்ப்பு குறைந்துவிடும். ஊசி அளவு மட்டும் சீட்டில் எழுதியபடியே நிற்கும். சாப்பாடும் இன்னும் பழைய அளவுக்கு வந்திருக்காது. இரண்டும் சேர்ந்தால் லோ சுகர்.

ஸ்டீராய்டு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலையில் ஸ்டீராய்டு போட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கும், மதியத்துக்கு மேல் சாயங்காலம் வரை எகிறும். காலையில் மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று இருந்துவிடக் கூடாது. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும், இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதையும் அதே டாக்டரிடம் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டை நீங்களாக ஒரேயடியாக நிறுத்துவது வேறு விதமான ஆபத்து. அதைச் செய்யவே கூடாது.

முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்து எழுதுங்கள்: காலை வெறும் வயிறு, மதியச் சாப்பாட்டுக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும் முன். ஸ்ட்ரிப் செலவு கட்டுப்படியாகாதென்றால் தினமும் இரண்டு முறை, நேரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். எப்போது பார்த்தாலும் காலையிலேயே பார்ப்பதைவிட அது பயன் தரும். ஒரு முறை 70-க்குக் கீழே வந்தாலும் அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும்.

லோ சுகர் வந்தால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், குழறிய பேச்சு இவையெல்லாம் அறிகுறி. மெஷின் கையில் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அரை டம்ளர் தண்ணீர், கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. ஏறியதும், அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஒரு இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். சாக்லேட், லட்டு, பால்கோவா எல்லாம் இந்த நேரத்துக்கு உதவாது. கொழுப்பு கலந்த இனிப்பு மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். பயத்தில் கால் கிலோ சர்க்கரையை வாயில் போட்டுவிட்டு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு 350-ஐப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் நடக்கிற கதைதான்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் அதைக் குடலில் உடைக்கும் வேலையைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடரை ஒரு சின்ன டப்பாவில் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்திருக்க வேண்டும்.

மாரடைப்புக்குப் பிறகு மெட்டோபுரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதியிருப்பார்கள். அது நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது. ஃபேன் ஓடும்போது, உடம்பு அசையாமல் இருக்கும்போது நெற்றியும் பிடரியும் சில்லென்று நனைந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையால் வந்த லோ சுகர், சர்க்கரைத் தண்ணீருக்கு ஏறிவிட்டு சில மணி நேரத்தில் மறுபடியும் இறங்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது ஒரு நாளுக்கு மேல்கூட இழுக்கும். அவர்களை அன்றே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஒன்று, வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை ஒன்று, வீட்டுக்கு வந்து தரும் மாத்திரை ஒன்று. எதைச் சாப்பிடுவது?

வட சென்னையில் இந்தக் குழப்பம் அதிகம், ஏனென்றால் ஒரே ஆளுக்கு மூன்று வழியில் மாத்திரை வரும்: ஆஸ்பத்திரி பார்மசி, தெருமுனை மருந்துக் கடை, 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சுகாதாரத் தன்னார்வலர் சகோதரி. பேர் வேறு வேறாக இருக்கும், உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கும். அரசு பார்மசியில் தரும் கிளிமிபிரைடையும் மெட்பார்மினையும் போட்டுக்கொண்டு, அவை இரண்டும் ஏற்கெனவே கலந்திருக்கும் கம்பெனி மாத்திரையையும் சேர்த்துப் போடுகிறவர்கள் நிறைய. தேவைக்கு இரண்டு மடங்கு உள்ளே போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு துணிப்பையில் கொட்டி, டிஸ்சார்ஜ் சீட்டோடு டாக்டரிடமோ பார்மசிஸ்ட்டிடமோ கொண்டுபோங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பேரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வேண்டாததை அங்கேயே தனியாக எடுத்துவிடுங்கள். "இருக்கட்டும், ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்று அலமாரியில் வைத்தால் அடுத்த மாதம் அதுவே வாய்க்குப் போகும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "தற்காலிகமாக நிறுத்தியது ஏதாவது இருக்கிறதா, எப்போது திரும்பத் தொடங்க வேண்டும்?" ஆஞ்சியோகிராம் எடுக்கும்போதும், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறியிருக்கும்போதும் மெட்பார்மினை நிறுத்தி வைப்பார்கள். அதைத் திரும்ப ஆரம்பிக்க யாரும் சொல்லாமல், சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று மூன்று மாதம் யோசித்துக்கொண்டிருப்பது வழக்கமாக நடக்கிறது.

சிவப்பு மூடி சிரிஞ்சுக்கும் ஆரஞ்சு மூடி சிரிஞ்சுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் போடலாமா?

கூடவே கூடாது. அரசு ஆஸ்பத்திரியில் பொதுவாகத் தரும் இன்சுலின் பாட்டிலில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். அதற்குச் சிவப்பு மூடி. ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் போவது 50 யூனிட், ஆளையே சாய்த்துவிடும். இன்சுலின் பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கிற பழக்கமும் இதே கணக்கில்தான் விபத்தாகிறது. பாட்டில் லேபிளில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பெட்டி வாங்கும்போதும் பாருங்கள்.

ஊசி சரியாகத்தான் போடுகிறோம், ஆனாலும் சர்க்கரை ஏறி இறங்கி ஆட்டம் காட்டுகிறது.

முதலில் தொப்புளுக்கு இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் பந்து மாதிரி மெத்தென்று ஒரு கட்டி தட்டுப்பட்டால் அதுதான் காரணம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோலுக்கடியில் கொழுப்பு தடித்துவிடும். அங்கே குத்தினால் வலிக்காது, அதனால்தான் கை தானாக அங்கே போகும். அந்தக் கட்டியிலிருந்து இன்சுலின் ஒரு நாள் சேரும், ஒரு நாள் சேராது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, வயிற்றை நான்கு பாகமாக நினைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு ஊசிக்கும் முந்தைய இடத்திலிருந்து ஒரு விரல் தள்ளி என்று போடுங்கள். கட்டியை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே யூனிட் அதிகமாக வேலை செய்யும். டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்துக்கொண்டு மாறுவது நல்லது.

இரண்டாவது, கலக்குவது. வேகமாகவும் மெதுவாகவும் வேலை செய்யும் இரண்டு வகை கலந்த 30/70 இன்சுலின் பால் போல வெள்ளையாக இருக்கும். அடியில் தங்கியிருப்பது முழுக்கக் கலங்க வேண்டும். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துத் திருப்புங்கள். அதன் பிறகும் கட்டி கட்டியாக நின்றால், ஓரத்தில் பனி படிந்த மாதிரி ஒட்டியிருந்தால் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள்.

மூன்றாவது, நேரம். இந்த வகை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஆனால் அடுப்பில் சோறு வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். ஊசி போட்ட பிறகு சிலிண்டர் தீர்ந்து போனால் கஷ்டம்.

ஃபிரிட்ஜ் இல்லை. கரண்டும் அடிக்கடி போகிறது. இன்சுலினை எப்படி வைப்பது?

திறந்து பயன்படுத்தும் பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் வரை தாங்கும். மழைக்காலத்தில் கரண்ட் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் அந்தப் பாட்டிலுக்கு ஒன்றும் ஆகாது, பதற வேண்டாம். ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் பிரச்சினை. அப்போது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்குள் இருக்கும் சூட்டில் மருந்து மெல்ல வீரியம் இழக்கும்.

பெரிய மண் சட்டியில் மணல் போட்டு, நடுவே சின்ன மண் பானையை இறக்கி, மணலைக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரமாக வையுங்கள். இன்சுலினை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் படாமல் உள் பானையில் வைத்து, ஈரத் துணியால் மூடுங்கள். காற்றோட்டமான, வெயில் படாத இடம் வேண்டும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் உள் மாவட்டங்களில் குளிர்வது போல இங்கே குளிராது, ஆனாலும் அலமாரியில் வைப்பதைவிட எவ்வளவோ மேல். பிரிக்காத பாட்டில்களைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஃபிரீசரில் வேண்டாம். மீன் பெட்டிக்கு வாங்கும் ஐஸ் மேல் நேராக வைப்பதும் கூடாது. ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யாது.

உடம்பு தேற என்ன சாப்பிடலாம்? கஞ்சிதான் நல்லது என்கிறார்களே?

குழைந்த அரிசிக் கஞ்சி சர்க்கரையை வேகமாக ஏற்றும், புண் ஆறுவதற்கும் தசை ஊறுவதற்கும் தேவையான புரதம் அதில் சொற்பம். இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தவருக்குத் தொடையும் கையும் வற்றிப் போயிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சோறு போதாது.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு, தேறும் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம். மதியம் மூன்று துண்டு மீன், காலையில் இரண்டு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் கெட்டிப் பருப்பு என்று பிரித்துக்கொண்டால் கணக்கு வந்துவிடும். வஞ்சிரம்தான் சத்து என்று கடன் வாங்க வேண்டாம். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி எல்லாம் இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ளவை. குழம்பாக வையுங்கள், முழுக்க எண்ணெயில் பொரிக்க வேண்டாம். சிறுநீரகம் பாதித்தவர்களுக்குப் புரத அளவு வேறு; அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தட்டில் முதலில் காயும் மீனும், கடைசியில் சோறு என்ற வரிசையில் சாப்பிட்டால் அதே சோற்றுக்குச் சர்க்கரை குறைவாக ஏறும். காசு செலவில்லாத வழி, செய்து பாருங்கள்.

கருவாடு பற்றி ஒரு வார்த்தை. புரதம் உண்டுதான், கூடவே உப்பும் மலை மாதிரி உண்டு. ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் என்ற கணக்கில் கருவாட்டுக் குழம்பு அதை ஒரே வேளையில் தின்றுவிடும். இதயம் பலவீனமானவர், கால் வீக்கம் உள்ளவர், சிறுநீரக நோயாளி மூவரும் ஒதுக்க வேண்டும். ஆடி மாதக் கூழுக்கும் இதே எச்சரிக்கை: கேழ்வரகு என்பதால் சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள், நொய் சேர்த்துக் கரைத்துக் குடிக்கும் கூழ் வேகமாகவே ஏற்றும். ஒரு சின்ன டம்ளரோடு நிறுத்தி, தொட்டுக்கக் கருவாட்டுக்குப் பதில் கீரையோ மொச்சையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இளநீர் குடிக்கலாமா?

சர்க்கரையைவிட அதில் இருக்கும் பொட்டாசியம்தான் கவலை. சிறுநீரகப் பாதிப்பு இருந்தாலோ, டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மற்றவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வழுக்கை இல்லாமல் குடிக்கலாம்.

வாந்தி பேதி வந்தால்? ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் இருக்கிறதே, ஏறிவிடாதா?

ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ். ஒரு 200 மில்லி டம்ளருக்கு மூன்று கிராம்கூட இல்லை. உப்பைக் குடல் உறிஞ்ச அந்தக் குளுக்கோஸ் தேவை, தாராளமாகக் குடிக்கலாம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலப்பதும், ஓ.ஆர்.எஸ். மாதிரி அட்டைப் பெட்டியில் விற்கும் பழச்சாற்றை வாங்குவதும்தான் தப்பு. இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை முழுக்க நிறுத்தக் கூடாது. அளவு குறையலாம், பூஜ்யம் ஆகக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்து, அந்த எண்ணைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். மெட்பார்மினையும், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளையும் வாந்தி பேதி நிற்கும் வரை நிறுத்தி வைப்பது வழக்கம். டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவருக்கு மெஷினில் 200 மட்டுமே காட்டும்போதுகூட ரத்தம் அமிலமாகிவிடலாம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, வேக மூச்சு என்று இருந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்து ஏமாறாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள்.

காசநோய்க்கும் மருந்து சாப்பிடுகிறேன். சர்க்கரை ஏன் அடங்கவில்லை?

இரண்டு காரணம். காசநோயே சர்க்கரையை ஏற்றும். அது ஆற ஆற இறங்கும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளைக் கல்லீரல் சீக்கிரம் அழிக்கும்படி செய்துவிடும். அதனால் அவை பாதி பலனோடு நிற்கும். இந்த ஆறு மாதத்துக்கு இன்சுலினுக்கு மாற்றச் சொன்னால் தயங்க வேண்டாம். காசநோய் மருந்து முடியும்போது நிலைமை தலைகீழாகும், லோ சுகர் வரும். முடியும் தேதியைச் சர்க்கரை டாக்டரிடமும் சொல்லி வையுங்கள். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தம் இல்லை. பாதம் எரிந்தால் இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிடும் காரணமாக இருக்கலாம், அதற்கு பி6 மாத்திரை உண்டு. காசநோயாளிகளுக்கான மத்திய அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்கான தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் வரவில்லையென்றால் உங்கள் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள், அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

மெஷின் ஒரு தடவை 180 காட்டுகிறது, உடனே மறுபடி பார்த்தால் 205. எதை நம்புவது?

இரண்டையும். வீட்டு மெஷினில் 15 சதவீதம் வரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகும். 180-க்கும் 205-க்கும் வைத்தியத்தில் வித்தியாசமில்லை. 110 இருக்க வேண்டிய இடத்தில் 260 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போது முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்தால் விரலில் இருக்கும் சர்க்கரையைத்தான் மெஷின் அளக்கும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், நடுவில் குத்தினால் வலி அதிகம். ரத்தம் வரவில்லையென்று அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் மாறும். குத்தும் முன் கையைக் கொஞ்ச நேரம் தொங்கப் போடுங்கள். ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்தே வைத்தால் கடற்காற்றின் ஈரம் ஏறி மொத்த டப்பாவும் கெட்டுவிடும்.

ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், ரத்தசோகை உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி டெஸ்ட்டை அப்படியே நம்பக் கூடாது. ரத்தம் ஏற்றியதைச் சொன்னால் டாக்டரே வேறு வழியில் பார்ப்பார்.

டெஸ்ட்டுக்குப் போகும் நாளில் மாத்திரை போடலாமா?

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, வழக்கமான மாத்திரை அல்லது ஊசியைப் போட்டுக்கொண்டு, வழக்கமாகச் சாப்பிடும் டிபனையே சாப்பிடுங்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு. ரிசல்ட் நன்றாக வரட்டும் என்று அன்றைக்கு மட்டும் பட்டினி கிடப்பதும், மாத்திரை போடாமல் போவதும் டாக்டரைத் தவறான அளவு எழுத வைக்கும்.

காலில் சின்னப் புண். ஆறிவிடும் என்று விடலாமா?

மூன்று நாளில் தெளிவாகச் சுருங்கவில்லையென்றால் காட்ட வேண்டும். சிவந்து பரவினாலோ, சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தாலோ, விரல் கறுத்தாலோ அன்றே போக வேண்டும். வலிக்கவில்லை என்பது நல்ல செய்தியே அல்ல. நரம்பு மரத்துப் போனதால்தான் வலிக்கவில்லை.

வீட்டில் சலைன் அல்லது காய்ச்சி ஆறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான காஸ் துணி வைத்துக் கட்டினால் போதும். மஞ்சள் தூள், காபித் தூள், நெபாசல்ஃப் பவுடர் எதுவும் தூவ வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று தோன்றும், புதிதாக முளைக்கும் சதையையும் அது சேர்த்துக் கொல்லும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அந்தக் காலில் பாரம் போடாமல் இருப்பது. கட்டு மாற்ற தினமும் ஆஸ்பத்திரி போய், மீதி நேரம் அதே காலில் குழாயடிக்கும் மாடிக்கும் நடந்தால் அடிப்பாதப் புண் ஆறாது. பாத்ரூமுக்குப் போகும் பத்தடியும் கணக்கில் சேரும். வாக்கர் வாங்க முடியுமா என்று பாருங்கள். தண்ணீர் பிடிக்கிற வேலையை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

புண் இல்லாத காலையும் தினமும் பார்க்க வேண்டும். தரையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பாதம் தெரியும். விரல் இடுக்கை உலர்த்துங்கள், எண்ணெய் அங்கே வேண்டாம், மீதிப் பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் போதும். செருப்பு மாட்டும் முன் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு வாங்கும்போது பின்னால் வார் இருப்பதாகப் பாருங்கள். மரத்த காலிலிருந்து வார் இல்லாத செருப்பு கழன்று விழுவது தெரியாது. கோடையில் மொட்டை மாடிக்கும் கோவில் பிராகாரத்துக்கும் வெறுங்காலோடு போனால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

மீன் வெட்டும் வேலை. முள் குத்தினால் என்ன?

இதைக் குறைத்து எடைபோட வேண்டாம். கடல் நீரிலும் மீன், நண்டு ஓட்டிலும் விப்ரியோ வகைக் கிருமிகள் உண்டு. சர்க்கரையும் கல்லீரல் நோயும் உள்ளவர்களுக்கு அது ஒரே நாளில் கையையே காவு கேட்கும். குத்தியதும் வேலையை நிறுத்தி, ஓடும் நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் ஐந்து நிமிஷம் கழுவுங்கள். முள் முனை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டினாலோ, கறுஞ்சிவப்புக் கொப்புளம் வந்தாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்கள், மீன் முள் குத்தியது என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஆறாத வெட்டுக்காயம் இருக்கும்வரை இந்த வேலையை விடுவதே சரி. முடியாதென்றால் கனமான ரப்பர் கையுறை போட்டுச் செய்யுங்கள்.

மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு எப்படித் தயாராவது?

அக்டோபர் பிறந்ததுமே பத்து நாள் மாத்திரை, இன்சுலின், சிரிஞ்சு, ஸ்ட்ரிப், குளுக்கோஸ், டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் எல்லாவற்றையும் காற்றுப் புகாத கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள். சீட்டைப் போனிலும் படம் எடுத்து வையுங்கள். புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை மாதிரி தாழ்வான இடங்களில் காலில் புண்ணோடு சாக்கடை கலந்த தண்ணீரில் இறங்காதீர்கள். இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முழங்கால் பூட்ஸ் போட்டு, திரும்பியதும் கழுவி உலர்த்துங்கள். எலிக் காய்ச்சல் இந்தத் தண்ணீரில்தான் வரும். தண்ணீரில் நடந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் அதையும் சொல்லிக் காட்டுங்கள்.

எப்போது நடக்க ஆரம்பிக்கலாம்?

டாக்டர் சரி என்றதும், மாரடைப்புக்குப் பிறகானால் வீட்டுக்குள் ஐந்து நிமிஷம், காலையும் மாலையும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிஷம் கூட்டுங்கள். ஆறு வாரத்தில் ஒரே நடையில் 30 நிமிஷம் வந்தால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் வீடு என்றால் ஒரு தளத்துக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்கி ஏறுங்கள், நாளுக்கு ஒரு முறைக்கு மேல் இறங்கி ஏறாமல் வேலைகளைச் சேர்த்து முடியுங்கள். கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரத்தைவிட மாநகராட்சிப் பூங்கா நல்லது, காலை ஏழு மணிக்குள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இல்லாமல் போகாதீர்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ தோளிலோ வலி, திடீர் மூச்சிரைப்பு வந்தால் நின்று உட்கார வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பும் வேர்வையுமாகக்கூட வரலாம்.

ரம்ஜான் நோன்பு இருக்கலாமா?

பெரிய நோயிலிருந்து தேறும் இந்த வாரங்களில் வேண்டாம் என்பதுதான் மருத்துவப் பதில். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தருகிறது. நன்றாகத் தேறியவர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் பேசி மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு நேரத்தில் 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-ஐத் தாண்டினாலோ அப்போதே திறந்துவிட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்கள் பொதுவாகச் சொல்வது.

கொஞ்சம் குடித்தால் தப்பா?

கல்லீரல் சாராயத்தை உடைப்பதில் மும்முரமாக இருக்கும்போது சர்க்கரையை வெளியே விடாது. ராத்திரி குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் விடியற்காலையில் லோ சுகர். அப்போது குழறிப் பேசுகிறவரைப் பார்த்து போதை தெளியவில்லை என்று விட்டுவிடுவார்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரலும் கெடும். வேண்டாம்.

கூச்சமான கேள்வி. தாம்பத்யம்?

ஒரே மூச்சில் இரண்டு மாடி ஏறி நெஞ்சுவலி, இரைப்பு இல்லையென்றால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. நாக்குக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபிலைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிபி அதலபாதாளத்துக்கு இறங்கும்.

கண் மங்கலாக இருக்கிறது. கண்ணாடி மாற்றலாமா?

சர்க்கரை வேகமாகக் கீழே வரும்போது கண்ணின் லென்ஸ் வீங்கிச் சுருங்குவதால் சில வாரம் மங்கலாகத் தெரியும். ஆறு வாரம் கழித்துக் கண்ணாடிக்குப் பாருங்கள், அதற்கு முன் வாங்கினால் பணம் வீண். ஆனால் கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்த மாதிரி இருந்தாலோ உடனே விழித்திரையைப் பார்க்க வேண்டும். 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

போட்ட ஊசிகளை எங்கே போடுவது?

கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை, பினாயில் பாட்டில் மாதிரி, அதற்கென்றே ஒதுக்குங்கள். ஊசியை மறுபடி மூடியில் செருக முயலாமல் நேராக உள்ளே போடுங்கள். முக்கால் பாகம் நிரம்பியதும் மூடியை டேப்பால் சுற்றி, "ஊசி" என்று மேலே எழுதி, அடுத்த ஓ.பி. நாளில் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். குப்பை கவரில் அப்படியே போட்டால் காலையில் பிரித்தெடுக்கிற தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும்.